குடும்பம் சரியில்லையாம்

எங்கள் மலையில் ஒரு பிள்ளைக்கு மூன்று வயசாகியும் பேச்சு வரவில்லையா, பள்ளிக்கூடத்தில் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறதா, எழுத்துக் கூட்டத் தெரியவில்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புதான். "குடும்பம் சரியில்ல." டீச்சர் சொல்வார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் சொல்வார். எஸ்டேட் ரைட்டர் சொல்வார். கொஞ்ச நாள் போனால் நம்ம சனங்களே சொல்ல ஆரம்பித்துவிடும். அப்பன் குடிகாரன், ஆத்தா வாயாடி, வீட்டில் எந்நேரமும் சண்டை, பெறகு புள்ள எப்படி இருக்கும்? விசாரணை அதோடு முடிந்தது.

இந்தத் தீர்ப்பு முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போய்விடலாம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டுதான் மீதிப் பொய்யை நம் தலையில் கட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பழனிமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கொடைக்கானல்தான். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டியது, 1863-இல் லெவிஞ்ச் துரை ஏரி உண்டாக்கியது எல்லாம் சுற்றுலா நோட்டீசில் இருக்கிறது. அந்த ஏரிக்கு மண் சுமந்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. கீழ்ப்பழனியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர், ஆடலூர் என்று காப்பியும் மிளகும் ஏலமும் ஆரஞ்சும் விளைகிற பூமி. அங்கே பழம் எடுக்கிறவர்கள் யார்? கீழே இருந்து கூட்டிவரப்பட்ட நம்ம சனங்கள், பளியர், புலையர். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு கூட்டம் மேல்மலைக்கு வந்து சேர்ந்தது. சவுக்கு மாதிரி வளர்ந்து நிற்கிற வாட்டில் மரத்தை வெட்டுவதும் பட்டை உரிப்பதும் அவர்கள் வேலை. காட்டுக்குள் குடிசை, முன்பணம், கடன். தோட்டம் மாறும், முதலாளி மாறுவான், முன்பணம் மட்டும் மாறாது.

நான் கீழ்ப்பழனியில் ஒரு லயன் வீட்டில் பிறந்தவள். என் தம்பி பிறந்தது 1993 கார்த்திகை மாசம், காப்பிப் பழம் எடுக்கிற காலம். அம்மாவுக்கு ஒன்பது மாசம். எடுக்கிற பழத்தின் அளவுக்குத்தான் கூலி. அப்பா வாங்கின முன்பணம் கழியாமல் கிடந்தது. வயித்தத் தள்ளிக்கிட்டு சரிவுல ஏறி, கூடையை இடுப்புல கட்டிப் பழம் எடுத்து, சாயந்திரம் சாக்கைத் தலையில் வச்சு களத்துக்குக் கொண்டுவந்து கொட்டிட்டு வந்தவளுக்கு ராத்திரி வலி கண்டுச்சு. தோட்டத்தில் ஜீப் இருந்தது. மழைக்கு ரோடு சரிஞ்சு கெடக்கு, விடிஞ்சு பாத்துக்கலாம்னுட்டாங்க. விடியறவரைக்கும் தம்பி காத்திருக்கவில்லை. கொடி சுத்திப் பொறந்தான். அழல. ஒடம்பு நீலம் பாரிச்சிருந்துச்சு. எங்க அம்மாயி தலைகீழாப் புடிச்சு முதுகுல தட்டி, தண்ணி தெளிச்சு, வெங்காயத்த மென்னு மூஞ்சியில ஊதி, ரொம்ப நேரங்கழிச்சுத்தான் ஒரு சின்னச் சத்தம் வந்துச்சு. "பூனக்குட்டி கத்துனாப்ல இருந்துச்சு" என்று அம்மாயி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா குடிப்பார். 1991-இல் மலிவு விலைச் சாராயக் கடையை மூடிவிட்டார்கள். எங்கள் காட்டுக்கு அந்த உத்தரவு தெரியாது, ஊறல் போட்டுக் காய்ச்சினார்கள். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். தம்பி வயித்துல இருந்தப்பவும் அடிச்சாரு. மேஸ்திரி அவரை வாடா போடா என்று கூப்பிட்ட கோபத்தையெல்லாம் வீட்டில் கொண்டுவந்து இறக்குவார். இதைச் சாதிக் கொடுமையின் விளைவு என்று சொல்லி மூடி வைக்க எனக்கு மனசில்லை. மேஸ்திரியிடம் அம்மாவும்தான் பேச்சு வாங்கினாள். அவள் யாரையும் அடிக்கவில்லை. நம்ம ஆம்பளைங்க கைநீட்டுவதை நாம்தான் முதலில் பேச வேண்டும். நாம் பேசாமல் விட்டால், நம்மை ஏளனம் செய்கிறவன் அதை எடுத்துப் பேசுவான்.

தம்பி நாலு வயசில்தான் "அக்கா" என்றான். கொட்டுச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். பென்சில் பிடிக்கக் கை வராது. கோடாங்கி பார்த்தார்கள், பழனிக்கு மொட்டை போட்டார்கள். பிறகு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். செருப்பு கழற்றிப் போடுகிற வாசல் ஓரத்தில் அவனை உட்கார வைத்தார்கள். எழுந்து ஓடினால் பிரம்பு. மூன்றாம் மாசம், "இதுக்கெல்லாம் மண்டையில ஏறாது, குடும்பம் அப்படி, ஆடு மேய்க்க விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மற்ற சாதிப் பிள்ளை ஒன்றும் அதே வகுப்பில் அதேபோலத் திணறியது. அதை "பாவம், பொறந்ததே அப்படி" என்றார்கள். நம்ம பிள்ளைக்கு மட்டும் குடும்பம் காரணம்.

இனி மருத்துவம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மூளை நரம்பு வளர்ச்சிக் குறைபாடு என்று இன்று சொல்வது ஒரே நோய் கிடையாது. ஆட்டிசம், கவனம் நிலைக்காமை, அறிவு வளர்ச்சிக் குறைபாடு, எழுத்தும் கணக்கும் பிடிபடாத கற்றல் குறைபாடு, மூளை முடக்குவாதம், வலிப்பு எல்லாம் அதில் அடங்கும். 2018-இல் வெளியான ஒரு ஆய்வில் இந்தியாவில் ஐந்து இடங்களில், 2 முதல் 9 வயது வரையான 3,964 பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய எட்டில் ஒரு பிள்ளைக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. அபாயத்தைக் கூட்டுகிறவை என்று அவர்கள் கண்டது எவை? வீட்டில் நடக்கும் பிரசவம், பிறந்ததும் அழத் தாமதமாவது, மூச்சுத் திணறல், எடைக்குறைவு, குறைமாசம், பிறந்த கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்கு நோய், மூளையைத் தாக்கும் காய்ச்சல்.

இந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். இது லயன் வீட்டின் பட்டியல். கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகெவி என்று ஒரு ஊர். நாடு விடுதலையாகி எழுபது வருசம் தாண்டியும் வண்டிச் சாலை இல்லாமல் கிடந்த ஊர். கர்ப்பிணியை டோலி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டுதான் மலை ஏறினார்கள், இறங்கினார்கள். டோலி போய்ச் சேருவதற்குள் பிறக்கிற பிள்ளைக்கு மூச்சு முட்டினால் அது யார் குடும்பத்தின் குற்றம்?

அடி வாங்குகிற தாயின் கதையும் இதில் வருகிறது. தொடர்ந்து பயத்தில் இருக்கிற உடம்பில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு ஏறியே இருக்கும். நஞ்சுக்கொடி அதைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும், முழுசாக முடியாது. கர்ப்ப காலத்தில் அடிபட்ட பெண்களுக்குக் குறைமாசப் பிரசவமும் எடை குறைந்த பிள்ளையும் கூடுதல் என்பது பல நாடுகளில் கண்டது. சோறும் பத்தாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 35.5. பட்டியல் சாதிகளில் இது 39-ஐத் தொடுகிறது. உயரம் குறைகிற காலமும் மூளை வளர்கிற காலமும் ஒன்றுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆட்டிசத்திலும் கவனம் நிலைக்காமையிலும் பெரும்பங்கு பிறவிக்கூறுகளுடையது. பங்களாவிலும் பிறக்கும், லயத்திலும் பிறக்கும். சண்டை போடுகிற வீடு ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று சொன்னால் அது பொய், அதோடு பழைய கொடுமையும்கூட. 1943-இல் லியோ கன்னர் அமெரிக்காவில் ஆட்டிசத்தை முதலில் விவரித்தபோதே பெற்றோரின் மனச்சூடு போதாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். 1967-இல் ப்ரூனோ பெட்டல்ஹைம் ஒரு புத்தகமே எழுதி, தாயின் அன்பின்மைதான் பிள்ளையைக் கூட்டுக்குள் ஒடுங்க வைத்தது என்றார். ஐஸ்பெட்டி மாதிரிச் சில்லிட்ட தாய் என்று பெயர் வைத்தார்கள். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியில் வெந்தார்கள்! பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், தானே ஆட்டிசப் பிள்ளையின் தகப்பன், 1964-லேயே இதை மறுத்து எழுதியிருந்தார். அங்கே பழி படித்த நடுத்தர வர்க்கத்துத் தாய் மேல் விழுந்தது. இங்கே சேரித்தாய் மேல் விழுகிறது. விழுவது எப்போதும் தாய் மேல்தான்.

அப்படியானால் வீட்டுத் துயரம் பிள்ளையின் மூளையைத் தொடவே தொடாதா? தொடும். ருமேனியாவில் 1989-இல் செளசெஸ்கு ஆட்சி விழுந்தபோது அனாதை இல்லங்களில் தூக்க ஆளில்லாமல் தொட்டிலில் கிடந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளை உலகம் பார்த்தது. இங்கிலாந்தில் தத்து எடுக்கப்பட்ட பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் பல வருசம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாசத்துக்கு மேல் அந்த இல்லங்களில் கிடந்தவர்களில் பலருக்கு ஆட்டிசம் போன்ற குறிகளும் கவனக் குறைவும் வளர்ந்த பிறகும் தங்கிவிட்டன. 2000-இல் புக்கரெஸ்ட் நகரில் 136 பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய ஆய்வில், இல்லத்திலிருந்து வளர்ப்பு வீட்டுக்கு மாற்றப்பட்டவர்கள் தேறினார்கள். இரண்டு வயசுக்குள் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். இந்த இரண்டு வயசு என்ற கணக்கை மனசில் வையுங்கள்.

1998-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 9,508 பேரிடம் கேட்டு, சின்ன வயசுத் துயரங்களுக்கு ஒரு கணக்கு எழுதினார்கள். அடி, வசவு, பாலியல் கொடுமை, தாய் அடிவாங்குவதைப் பார்த்தது, வீட்டில் குடிகாரர், மனநோயாளி, சிறை போனவர் என ஏழு வகை. நாலு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி நாலு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை கூடுதல். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏழு கேள்வியும் வீட்டுக்குள்ளேயே நிற்கின்றன. வாசல் தாண்டவில்லை. தகப்பனை ஒருவன் பிள்ளை கண்ணெதிரே வாடா போடா என்று கூப்பிட்டது எந்தக் கட்டத்தில் வரும்? வாசல் ஓரம் செருப்புப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டது எந்த எண்ணில் வரும்? நம்ம பிள்ளைக்குச் சாதி என்ற துயரம் வீட்டில் தொடங்குவதில்லை, அது வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிறது.

வெளியிலிருந்து வந்து வீட்டுக்குள் புகுந்துகொள்வதற்குக் கொடைக்கானலைவிடத் துலக்கமான சாட்சி வேண்டாம். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 1980-களில் சீஸ்பரோ பாண்ட்ஸ் கம்பெனி கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. 1987-இல் அந்தக் கம்பெனி யூனிலீவர் கைக்குப் போனது, பிறகு தொழிற்சாலை இந்துஸ்தான் லீவர் பெயரில் நடந்தது. தெர்மாமீட்டருக்குள் ஓடுவது பாதரசம். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடந்ததை ஊர்க்காரர்களும் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீசும் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர்கள் சிறுநீரகக் கோளாறு, நடுக்கம், மறதி என்று சொன்னார்கள். மனைவிமார் கருச்சிதைவு பற்றிச் சொன்னார்கள். வளர்ச்சி குன்றிப் பிறந்த பிள்ளைகளைக் காட்டினார்கள். தங்கள் ஆலையால் யார் உடம்புக்கும் கேடு வரவில்லை என்று கம்பெனி கடைசிவரை சொன்னது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு மனிதாபிமான உதவி என்ற பெயரில் உடன்பாடு போட்டது. தொகை எவ்வளவு என்று சொல்லவில்லை.

வேலைக்குப் போகாத பிள்ளைக்குப் பாதரசம் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் இதே தெர்மாமீட்டர் வேலை செய்தவர்களின் பிள்ளைகளைச் சோதித்து 1987-இல் ஆய்வு வெளியானது. தகப்பன், தாயின் சட்டையிலும் செருப்பிலும் ஒட்டி பாதரசம் வீட்டுக்கு வந்திருந்தது. அந்தப் பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் மற்றப் பிள்ளைகளைவிட ஐந்து மடங்கு. அப்போது அவர்களிடம் நோய்க்குறி தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் ஆலைக்கும் தொட்டிலுக்கும் நடுவே வழி இருக்கிறது என்பது அன்றே எழுத்தில் வந்துவிட்டது. கொடைக்கானலில் ஆலை அதற்குப் பிறகு பதினாலு வருசம் ஓடியது.

ஜப்பானின் மினமாட்டாவில் கதை இன்னும் கொடிது. அங்கே சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்கு ஏறியது. இது பாதரசத்தின் வேறொரு வடிவம், மூளைக்கு இன்னும் கொடியது. 1956-இல் நோய் வெளியே தெரிந்தபோது தொற்றுநோய் என்று பயந்து மீனவக் குடும்பங்களை ஊர் ஒதுக்கியது. அங்கேயும் முதலில் குற்றவாளி குடும்பம்தான். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, வயிற்றுப் பிள்ளை முடங்கிப் பிறந்தது. நஞ்சுக்கொடி விசத்தைத் தடுத்துவிடும் என்று நம்பியிருந்த மருத்துவம், தாய் தின்ற விசம் பிள்ளையின் மூளையில் போய்த் தங்கியதை ஒத்துக்கொள்ள 1962 ஆயிற்று. தாய்மார்கள் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொரு விசயம். துயரம் பிள்ளைக்குக் குறை தருவது மாதிரியே, குறையும் துயரத்தைக் கொண்டுவருகிறது. தம்பி தூங்காத ராத்திரியெல்லாம் அம்மா தூங்கவில்லை. தூங்காதவள் மறுநாள் பழம் குறைவாக எடுத்தாள். கூலி குறைந்தது, சண்டை கூடியது, அடி கூடியது. சொன்னதைச் செய்யாத பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் அடி வாங்கும். அடியில் பயந்த பிள்ளை இன்னும் பேசாது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு எது முன்னே எது பின்னே என்று தெரியாது, "குடும்பம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான். பயத்தால் ஓரிடத்தில் நிற்காத பிள்ளையையும் பிறவியிலேயே கவனம் நிலைக்காத பிள்ளையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கள் மலைக்கு வருவது அபூர்வம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. கீழ்ப்பழனியில் பாதித் தோட்டம் சின்னத் தோட்டம், அந்தக் கணக்குக்குள் வராது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனசைப் புண்படுத்துவதையும் தடை செய்தது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி ஒரு மருத்துவக் குழு வருசத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து வளர்ச்சி தாமதமான பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வேண்டும், மாவட்டத்தில் உள்ள தொடக்கநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஒத்துக்கொண்டது. என் தம்பிக்கு அட்டை கிடைத்தபோது அவனுக்கு இருபத்தி நாலு வயசு. மன்னவனூரிலோ கிளாவரையிலோ இருக்கிற தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருதரம் வா என்றால் அவள் எத்தனை வாரம் வருவாள்? மூன்றாம் வாரம் வராவிட்டால், "குடும்பம் ஒத்துழைக்கலை" என்று நோட்டில் எழுதுவார்கள். அதே தீர்ப்புதான், எழுத்தில் வருகிறது.

அம்மா இப்போது தம்பியைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான். "நாஞ் செத்தா இவன் என்ன ஆவான்?" தம்பி மிளகுக்கொடி கட்டுகிறான், ஆடு பார்க்கிறான், எண்ணத் தெரியாததால் பாதிக் கூலி கொடுத்து அனுப்புகிறார்கள். படிக்க வராத பிள்ளை யாருக்கு லாபம் என்று இதில் தெரிகிறது. மண்டையில் ஏறாது என்று பள்ளிக்கூடம் கைகழுவிய பிள்ளையைத் தோட்டம் அரைக் கூலிக்கு வாங்கிக்கொள்கிறது.

நம்ம இயக்கக் கூட்டங்களில் பஞ்சமி நிலம் பேசுகிறோம், வன்கொடுமை பேசுகிறோம், இட ஒதுக்கீடு பேசுகிறோம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் மூளையை நாம் பேசியதில்லை, அது பொம்பளைங்க விசயம் என்று விட்டுவிட்டோம். இனி பேச வேண்டும். ஏழாம் மாசத்துக்குப் பிறகு சுமை தூக்க விடக்கூடாது, கூலியும் பிடிக்கக் கூடாது. வண்டி போகாத ஊருக்கு வண்டி போக வேண்டும், அதுவரை பிரசவத் தேதிக்கு முன்பே கர்ப்பிணி தங்கக் கீழே இடம் வேண்டும். இரண்டு வயசுக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கிற ஆள் லயத்துக்கே வர வேண்டும், பயிற்சி அங்கன்வாடியிலேயே நடக்க வேண்டும். ஆலையில் விசம் இருந்தால் தொழிலாளியின் பிள்ளையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அடிக்கிற ஆம்பளையைச் சங்கத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தில் இது ஒரு பத்தியாக வரட்டும். எழுதுவதற்குத் தாய்மார்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் தேதி, மாசம், மழை பெய்த ராத்திரி எல்லாம் கணக்காக வைத்திருக்கிறார்கள்.